நல்லதை மட்டும் வைத்துக்கொண்டவர்

அவருக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். ஒரு மாம்பழத்தைக் கொண்டுபோய் வைத்தால் தொடமாட்டார். "மற்றது எங்க?" என்பார். இரண்டையும் வெட்டிக் கொடுத்தால் இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு, நடுவில் ஒரு மிடறு தண்ணீர். பிறகு ஒரு தட்டை என் பக்கமாகத் தள்ளுவார்.

"இது தோத்துப்போச்சு. கொட்டு."

நல்ல பழமாகத்தான் இருக்கும். நான் தின்னட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வராது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பை வாளியில் போடுவேன். போட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மற்றப் பழத்தை நிம்மதியாகச் சாப்பிடுவார்.

வெள்ளவத்தையில் காலி வீதி என்கிற பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு லேனில் அவர் வீடு. சினிமாக் கமராவில் பூட்டுகிற லென்ஸ்களை வாடகைக்குக் கொடுப்பது அவருடைய தொழில். டெலிநாடகம் எடுப்பவர்கள் வருவார்கள், விளம்பரப்படம் எடுப்பவர்கள் வருவார்கள். நாட்டில் சண்டை எவ்வளவு மும்முரமாக நடந்தாலும் சவர்க்கார விளம்பரம் எடுப்பது நிற்கவில்லை. அதனால் அவருக்கும் வேலை நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து மனிதர், மனைவி செத்துப் பல வருடம். வெள்ளைச் சேட்டுத்தான் எப்போதும். ஒரு நாளும் அதில் கறை இருந்து நான் பார்த்ததில்லை.

நான் அந்த வீட்டுக்குச் சமையலுக்குப் போனதும் இந்த இரண்டு வைத்துப் பார்க்கிற பழக்கத்தால்தான். ஜிந்துப்பிட்டியில் எங்கள் லேனிலிருந்து என்னையும் செல்லம்மாவையும் ஒரே நாளில் வரச்சொன்னார். ஒரு ஆள்தான் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸில் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனோம். போனதும் இரண்டு அடுப்பைக் காட்டினார். ஒரே மீனில் ஆளுக்குப் பாதி. சமைத்து முடிந்ததும் இரண்டு சட்டியிலும் கரண்டியை விட்டு ருசி பார்த்தார். என்னைப் பார்த்து, "நீ நில்லு" என்றார். செல்லம்மாவைப் பார்த்து, "உன்ர கையில உப்பு நிதானம் இல்லை. நீ போகலாம்" என்றார்.

சொல்லிவிட்டு அவளுடைய சட்டியைத் தானே தூக்கித் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். செல்லம்மா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். விடியற்காலையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தவள்.

"ஐயா, ஒரு வாய் சாப்பிட்டுப் போறேனுங்க" என்றாள்.

"தோத்த கறியையோ?" என்று கேட்டார்.

கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியம். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ஒரு குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

அவருக்கு இரண்டு மகள்மார், இருவரும் லண்டனில். சுவரில் ஒருத்தியின் படம்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் "ஒரே பிள்ளையோ?" என்று கேட்பார்கள். "இல்லை, ரெண்டு. மற்றவவின்ர படம் சரியா விழேல்லை" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போன் எடுப்பார்கள். சின்ன மகளிடம் அவர் சொல்வது சமையலறைக்குக் கேட்கும். "அக்கா இண்டைக்கு நல்லாக் கதைச்சவ. நீ போன கிழமையை விடக் குறைவு." இதைக் கோபமாகச் சொல்லமாட்டார். மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வார். கொஞ்ச நாளில் சின்ன மகளின் போன் நின்றது. அவர் ஏன் என்று விசாரிக்கவில்லை. ஞாயிறுகளில் ஒரு போன் வந்தது. அது அவருக்குப் போதுமாக இருந்தது.

என் முகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சின்ன வயதில் அம்மை போட்டு, கன்னமெல்லாம் குழி. ஆட்கள் இருக்கிற இடத்தில் முந்தானையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அந்த வீட்டுக்குப் போய்ச் சில மாதம் கழித்து ஒரு நாள், தேத்தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பியவளை நில் என்றார். ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெளிச்சத்தில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். கை படவில்லை, ஒரு பென்சிலால் தாடையைத் தள்ளினார்.

"இவ்வளவு நாளும் இது எனக்குத் தெரியேல்லை" என்றார். "மற்றவையின்ர மூஞ்சியில ஒண்டும் இல்லை. உன்ர மூஞ்சியில எல்லாம் இருக்கு. மேடு, பள்ளம், கறுப்பு, எண்ணெய்ப் பளபளப்பு. ஒரு லென்ஸ் பொய் சொன்னா உடன பிடிச்சிடலாம்."

அன்றிலிருந்து புது லென்ஸ் எது வந்தாலும் நான் ஸ்டூலில் உட்கார வேண்டும். ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே முகம். ஒவ்வொரு லென்ஸாகப் பூட்டி என்னைப் படம் பிடிப்பார். பிறகு பெரிய டீவியில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எந்த லென்ஸ் நிறத்தைக் கெடுக்கிறது, எது ஓரத்தை மங்கவிடுகிறது, எது குறியை மாற்றும்போது படத்தை மூச்சு விடுகிற மாதிரிப் பெருக்கிச் சுருக்குகிறது, எல்லாம் என் கன்னத்தில்தான் பார்ப்பார். வாடகைக்கு எடுக்க வருகிறவர்களுக்கும் அதையே போட்டுக் காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணீர் கொடுப்பேன். எனக்கு மேலே கதவு அளவுக்கு என் முகம் தெரியும்.

ஒரு நாள் டைரக்டர் ஒருவர், "ஒரு வடிவான பிள்ளையை இருத்தியிருக்கலாமே அண்ணை" என்று சிரித்தார்.

"வடிவான பிள்ளையை இருத்தினா வாறவை பிள்ளையைப் பாப்பினம்" என்றார் இவர். "இவவை இருத்தினா லென்ஸைப் பாப்பினம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பிளேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கெட்டவர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட முடியுமானால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. பொய் சொன்னதில்லை. ஒன்றைச் செய்கிறேன் என்றால் செய்வார். என் கண் சிவந்து சீழ் கட்டியபோது தன்னுடைய காரில் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கார் முன்சீட்டில் நான் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான். டொக்டரிடம், "இடது கண்ணை எப்பிடியும் காப்பாத்துங்கோ. வலது பரவாயில்லை" என்றார். அவர் வெளிச்சம் வைப்பது என் இடது பக்கம். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கண் இரண்டும் சுகமாயிற்று.

சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, மறுபடி சந்திக்குச் சந்தி செக்பொயின்ட் வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வெள்ளை வானைப் பற்றி ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். ஐயா வீட்டுக்கு எதிரே ஒரு லொட்ஜ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள்தான் அதில் நிறைய. அங்கே ஒரு அறையில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் பெயர் கஜன், இருபத்து நாலு வயது. வேறு பிள்ளை இல்லை அந்தத் தாய்க்கு. லொட்ஜ் அறையில் சமைக்க விடமாட்டார்கள், பின்பக்கத்து அடுப்பில்தான் சமைக்கவேண்டும், துருவலை இல்லை என்று அந்த அம்மா எங்கள் வீட்டுக் குசினி வாசலுக்கு வந்து தேங்காய் துருவித் தரச் சொல்லிக் கேட்டார். அப்படித்தான் பழக்கம்.

"இவனை ஏத்தி அனுப்பிப்போட்டன் எண்டா நான் ஊருக்குப் போயிடுவன் பாக்கியம்" என்பார். "இஞ்ச எனக்கு மூச்சு முட்டுது. அவன் பிளேனில ஏறினா எனக்கு அது காணும்."

கஜன் தினமும் காலையில் லொட்ஜுக்குப் பக்கத்திலிருந்த கொமினிகேசன் கடைக்கு வந்து ஏஜென்சிக்காரனுக்குப் போன் எடுப்பான். என்னைக் கண்டால் கையைத் தூக்குவான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்க்காத ஆட்கள் குறைவு. அவன் பார்த்துச் சிரிப்பான்.

அந்த நேரம்தான் ஐயாவுக்கு இரண்டு பெட்டி புது லென்ஸ் வந்தது, ஒன்று ஜப்பானிலிருந்து, மற்றது ஜெர்மனியிலிருந்து. பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பி அனுப்பவேண்டும். சனிக்கிழமை ஒரு பெரிய விளம்பரக் கம்பனிக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. கலியாண வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொண்டு திரிந்தார். பெட்டியைத் திறந்து, பஞ்சு மெத்தையில் படுத்திருந்த அந்தக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிக்கொடுத்தார்.

எத்தனையோ தடவை உட்கார்ந்து கேட்டதில் எனக்கும் கொஞ்சம் விளங்கியிருந்தது. லென்ஸுக்குள் ஒரு வாய் இருக்கிறது. அதை அகலத் திறந்தால், எதற்குக் குறி வைத்தார்களோ அது மட்டும்தான் கூர்மையாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் உருகி, வட்டம் வட்டமாக நிறம் மட்டும் மிஞ்சும். வாய் சின்னதாக இருந்தால் பின்னால் இருக்கிறதும் தெரியும். அவருடைய பழைய லென்ஸும் ஜப்பான் லென்ஸும் அவ்வளவு அகலத் திறக்காது. ஜெர்மன் லென்ஸ் திறக்கும். அந்த உருகலுக்காகத்தான் படக்காரர்கள் தேடிக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கிழமைத் தொடக்கத்தில் ஒரு காலை முன்னறையின் மடிப்புக் கதவுகளை முழுவதும் திறந்துவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டார். என் முதுகு ரோட்டுப் பக்கம். கமரா அறைக்குள்ளே தள்ளி இருட்டில். அதிலிருந்து ஒரு வயர் ஒரு குட்டி டீவிக்குப் போகும். அந்த டீவியையும் தன் தலையையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டுதான் பார்ப்பார். நான் உட்காரப் போகும்போது கஜன் கொமினிகேசன் வாசலில் நின்றான். உள்ளே யாரோ போன் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டை போட்டிருந்தான். கையைத் தூக்கினான்.

முதலில் பழைய லென்ஸ். "தலையைத் தூக்கு. முந்தானையை எடு. சரி." அது முடிந்தது. பிறகு ஜெர்மன் லென்ஸைப் பூட்டினார்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு வாகனம் வந்து நின்றது. இழுத்துத் திறக்கிற கதவின் சத்தம் கேட்டது. செருப்பு தாரில் இழுபடுகிற சத்தம். "ஏறு, ஏறு" என்று யாரோ தமிழில் சொன்னார்கள். பிறகு கஜனின் குரல்: "அடையாள அட்டை இருக்கு அண்ணை. ஐசி இருக்கு, பாருங்கோ."

என் கழுத்து தானாகத் திரும்பப் போனது.

"அசையாத பாக்கியம்!" கறுப்புத் துணிக்குள்ளிருந்து அவர் கத்தினார். "இப்பதான் நல்லா வருகுது."

கதவு இழுபட்டு மூடியது. வாகனம் போனது. அவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"பின்னால என்னமோ அசைஞ்சுது. நாங்கள் கேட்டாலும் கிடைக்காது."

"ஐயா, அந்த லொட்ஜ் புள்ளய ஏத்திட்டுப் போயிட்டாங்க போலங்க."

"சரி. இரு, மற்றதையும் போட்டிட்டு எழும்பு."

அவர் லென்ஸ் மாற்றும்போது திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டை நின்ற இடம் சும்மா கிடந்தது. "திரும்பு" என்றார். திரும்பினேன். ஜப்பான் லென்ஸ் ஓடி முடிந்த பிறகுதான் எழும்பி லொட்ஜுக்கு ஓடினேன்.

அந்த அம்மா பின்பக்கப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "போன் எடுக்கத்தானே போனவன்" என்றார். கீரையைக் கையில் பிடித்தபடியே ரோட்டுக்கு வந்தார். சலூன்காரரைக் கேட்டார். "நான் உள்ளுக்க நிண்டனான் அம்மா, காணேல்லை." கொமினிகேசன்காரரைக் கேட்டார். "நான் பில் அடிச்சுக்கொண்டு நிண்டனான்." சில்லறைக் கடை முதலாளி, "தன்னே நே அம்மே", தெரியாது என்று கையை விரித்தார். பொலிஸில் போய்ச் சொன்னபோது, பார்த்த ஆள் யாரும் இருந்தால் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். யாரைக் கூட்டிக்கொண்டு போவார்?

மறுநாள் அவர் குசினி வாசலில் வந்து உட்கார்ந்தபோது நான் சொன்னேன். "அம்மா, அந்த நேரம் ஐயா கமரா போட்டிருந்தாருங்க. ரோட்டுப் பக்கந்தான் பாத்துச்சு."

என் கையைப் பிடித்தார். பிடித்த இடம் வலித்தது.

ஐயா மறுக்கவில்லை. படத்தைப் பார்க்க ஆள் வந்தால் அவருக்குச் சந்தோஷம். "வாங்கோ, இருங்கோ" என்று கதிரை போட்டுக்கொடுத்து, கமராவில் பதிந்த நாடாவை ஓடவிட்டார். முதலில் பழைய லென்ஸ். என் முகம். என் காதுக்குப் பக்கத்தில் கொமினிகேசன் வாசலில் கஜன் நிற்கிறான். தலையைச் சொறிந்துகொள்கிறான். வானத்தைப் பார்க்கிறான்.

"ஐயோ, என்ர ராசா" என்றார் அம்மா.

"அதைப் பாக்காதேங்கோ" என்றார் ஐயா. "கரையைப் பாருங்கோ. மூலையெல்லாம் மங்கல். பழசு."

அடுத்தது ஜெர்மன் லென்ஸ். என் கன்னத்துக் குழி ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெரிந்தது. பின்னால் வீதி இல்லை. ஒரு நீல வட்டம். வெள்ளையாக ஒரு பெரிய வட்டம் வந்து நின்றது. கறுப்பு வட்டங்கள் இரண்டு மூன்று அதிலிருந்து வந்தன. நீலம் கொஞ்சம் ஆடிற்று. பிறகு வெள்ளைக்குள் போய்விட்டது. என் கழுத்து கொஞ்சம் அசைவது தெரிந்தது, அவ்வளவுதான்.

"இது என்ன ஐயா?" என்றார் அம்மா. "ஏன் மறைச்சிருக்கு?"

"மறைக்கேல்லை. உருகியிருக்கு. பாருங்கோ, ஒரு ஓரம் கூட வெட்டேல்லை. வெண்ணெய் மாதிரி."

"அவன்ர முகம் எங்க?"

"பாக்கியத்தின்ர முகத்துக்குத்தானே குறி வைச்சனான்" என்றார் பொறுமையாக.

மூன்றாவது ஜப்பான் லென்ஸ். அதில் வீதி திரும்பி வந்துவிட்டது, கண்ணாடி மாதிரி. நீலச் சட்டை இல்லை. சலூன்காரர் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் நிற்கிறார். கொமினிகேசன்காரர் நிற்கிறார். முதலாளி நிற்கிறார். மூவரும் காலி வீதிப் பக்கமாகவே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். லொட்ஜ் மதிலோடு ஒரு மோட்டார் சைக்கிள். அதில் ஒருவன், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போன் கதைக்கிறான். நேரே எங்கள் பக்கம் முகம். புருவத்தில் ஒரு வெட்டு. கதைத்து முடிந்ததும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வான் போன பக்கமே போகிறான்.

அம்மா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "இவனை நான் கண்டிருக்கிறன். ரெண்டு நாளா லொட்ஜுக்கு முன்னால நிண்டவன். ஐயா, இந்த முகத்தைக் காட்டினா காணும். எனக்கு ஒரு லோயர் இருக்கிறார். மனித உரிமை எண்டு ஓடித் திரியிற பாதர் ஒருத்தர் இருக்கிறார். பொலிஸும் பாத்த ஆளைத்தானே கேக்குது. இது பாத்திருக்குதே ஐயா. இந்த நாடாவைத் தாங்கோ."

"சனிக்கிழமை எனக்கு ஆட்கள் வருகினம்."

"ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ."

"கொப்பி எடுத்தாக் கூர்மை செத்துப்போகும். நான் கொப்பி குடுக்கிறேல்லை. சனிக்கிழமை முடியட்டும், இந்த நாடாவையே தாறன்."

"சத்தியமாத் தருவியளோ?"

"நான் தாறன் எண்டு சொன்னாத் தருவன். பாக்கியத்தைக் கேளுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அது உண்மைதானே.

அவர் போன பிறகு, மூன்று படத்தையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். ஜப்பான் லென்ஸ் வந்தபோது முகத்தைச் சுளித்தார்.

"பார், எல்லாத்தையும் ஒரே மாதிரிப் பாக்குது. ஒண்டையும் விடாது. இது படம் எடுக்கிற கண் இல்லை, பொலிஸ்காரன்ர கண். ஐசிக்குப் படம் எடுக்கலாம் இதால."

அந்த அம்மா அந்தக் கிழமை முழுவதும் தினமும் வந்தார். உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று, "நாடா கவனமா இருக்குதே?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவார். லோயரிடம் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார் என்றார். ஒரு நாள் கோயில் திருநீறைக் கொண்டுவந்து, அந்த மெஷினில் பூசிவிடு என்றார். மெஷினில் பூசினால் ஐயா என்ன சொல்வாரோ என்று என் நெற்றியில் பூசிக்கொண்டேன். "சரி, உனக்குப் பூசினாலும் சரிதான்" என்றார். சாப்பிடவில்லை என்று முகத்தில் தெரிந்தது. தோற்ற குழம்பில் கொஞ்சம் ஒளித்து வைத்துக் கொடுத்தேன். அந்த வீட்டில் நான் கொட்டாமல் விட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை கம்பனிக்காரர்கள் வந்தார்கள். ஒரு டைரக்டர், கட்டை மயிர் வெட்டிய ஒரு சிங்கள மேடம், இன்னும் இரண்டு பேர். நான் கட்லட் பொரித்துக் கொண்டுபோனபோது டீவியில் என் முகம் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஹரி லஸ்ஸனய்!" என்றார், ரொம்ப அழகாம். "ஆயெத் தான்ன." மறுபடி போடச் சொன்னார். நீல வட்டம் வெள்ளைக்குள் போகிற இடம் வந்ததும் விரலை நீட்டினார். அந்த இடம்தான் அவருக்குப் பிடித்திருந்தது. பிளான் பண்ணி எடுத்ததா என்று கேட்டார்.

"இல்லை, தானா வந்தது" என்றார் ஐயா.

மேடம் என்னைப் பார்த்துக் கட்லட் நன்றாக இருக்கிறது என்றார். அவர்கள் மூன்று மாதத்துக்கு அந்த லென்ஸ் பெட்டியைக் கேட்டு எழுதிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அம்மா வந்துவிட்டார். குளித்து, நல்ல சேலை உடுத்து, நாடாவைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு சுத்தமான துவாயும் கொண்டுவந்திருந்தார். ஐயா மேசையில் நாடாவை ஆயத்தமாக வைத்திருந்தார். சொன்ன சொல் தவறவில்லை.

"இந்தாங்கோ. உங்களுக்கு எண்டு நல்லதை மட்டும் விட்டு வைச்சிருக்கிறன்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

"ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ ஐயா" என்றார் அம்மா.

போட்டார். என் முகம். பின்னால் நீல வட்டம், வெள்ளை வட்டம். அதற்கு முன்னும் பின்னும் சின்னச் சின்ன வெளிச்சம் உருகி நிற்கிற ஒரு படம். கோயில் திருவிழாவுக்குப் போடுகிற பல்ப் மாலையை மாமரத்தில் தொங்கவிட்டு எடுத்திருந்தார். அது நெடுநேரம் ஓடிற்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, கறுப்பு.

"மற்றது எங்க ஐயா?"

"எது?"

"அந்த மோட்டசைக்கிள்காரன். கடைக்காரர் பாத்துக்கொண்டு நிக்கிற படம். பிள்ளை நிக்கிற படம்."

"அதுகள் தோத்த லென்ஸ் அம்மா" என்றார். "பழசும் சரியில்லை, ஜப்பானும் சரியில்லை. வாறவைக்குக் கண் குழம்பும் எண்டு வெள்ளிக்கிழமையே அதுகளுக்கு மேலால நல்லதைத் திருப்பி எடுத்திட்டன். அந்தப் பெட்டியும் திரும்பிப் போகுது."

"அழிச்சுப் போட்டியளோ?"

"நல்லதை வைச்சிருக்கிறன்" என்றார். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. கொடுத்த பரிசை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை என்கிற மாதிரி. "இதை விட வடிவா உங்கட பிள்ளையை ஒருத்தரும் எடுக்கேலாது."

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "முதல்ல இருந்து போடுங்கோ" என்றார். போட்டார். அம்மா டீவிக்குக் கிட்டப் போனார். "இதில என்ர பிள்ளை எது ஐயா?"

ஐயா எழும்பிப் போய், பென்சிலால் காட்டினார். "இது. நீலம்."

"முகம் எந்தப் பக்கம்?"

ஐயா கொஞ்சம் யோசித்தார். தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லமாட்டார். "அதைச் சொல்ல ஏலாது" என்றார்.

அம்மா வலது கையை விரித்து, அந்த நீல வட்டத்தின் மேல் வைத்தார். கன்னத்தைத் தடவுகிற மாதிரி வைத்தார். கையின் கீழேயே அது நகர்ந்து வெள்ளைக்குள் போயிற்று. கையை எடுக்கவில்லை.

"தொடாதேங்கோ" என்றார் ஐயா.

அவர் நாடாவை வெளியே எடுத்துக் கொடுத்தார். அம்மா அதைத் துவாயில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "போட்டு வாறன் ஐயா" என்று மரியாதையாகச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் அந்த ஸ்டூல் கிடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார். கேற் மூடுகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஐயா மேசை லாச்சியைத் திறந்து லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்தார். டீவிக் கண்ணாடியில் வாயால் ஊதி, அந்தக் கை பட்ட இடத்தை வட்டம் வட்டமாகத் துடைத்தார். உள்ளங்கை போயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின. எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இப்ப வடிவு" என்றார்.